மைத்துனர் சொல்லி உட்கார்ந்த நாலு சாயங்காலம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முழங்கால் வலியோடு தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும், அதாவது தங்கள் அக்காவும், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உடம்பால் நலம். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் தாங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி இல்லை.

மகளைப் பார்க்க வெளிநாடு வந்தேன் என்று பெயர். இதுவரை அவளுடைய வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடுகிறது. கணக்கு டீச்சரான அவளை மட்டும் விடுவதில்லை. புரியாத பாஷையில் டிவியில் வானிலை பார்த்துப் பார்த்து நான் கண்ணயர்ந்த பிறகு கதவு திறக்கும். வந்தவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றபடியே சாப்பிடுவாள். சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போவாள். காலையில் பார்த்தால் படுக்கை விரிப்பெல்லாம் சரி, தப்பு என்று திருத்தியிருக்கும். வந்து மூன்று வாரமாகிறது, ஒரு வேளை கூட அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அடுத்த வாரம் எனக்கு விமானம். இது எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். தாங்கள் என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது, இனி நீ என்றே எழுதுகிறேன்.

“ஓவர்டைமாவது எழுதுறியாம்மா?” என்று கேட்டேன்.

“எங்களுக்கு அது லேசுல கிடையாதுப்பா. தலைமையாசிரியை வாயைத் திறந்து ‘இருங்க’ன்னு சொன்னாத்தான் ஓவர்டைம். அவங்க சொல்லவே மாட்டாங்க. அவங்க கிளம்ப மாட்டாங்க, அவ்வளவுதான். அவங்களுக்கு முன்னாடி யாரும் எழுந்திருக்க மாட்டாங்க.”

“வாயைத் திறந்து கேட்டா என்ன?”

“உள்ளூர் டீச்சருங்க கேட்கலாம், அவங்களுக்குச் சங்கம் இருக்கு. வெளிநாட்டுலேருந்து வந்த எங்க அஞ்சு பேரோட விசா பள்ளிக்கூடத்துக் கையில இருக்கு. அடுத்த மாசம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்.”

நம் பஸ் டிப்போவில் நான் டைம் கீப்பராக இருந்த காலத்தில், டூட்டி முடிந்த கண்டக்டரை இன்னொரு நடை போகச் சொன்னால், நான் எழுதிக் கொடுக்கும்வரை அவர் விசில் ஊத மாட்டார் என்பதை அவளுக்குச் சொன்னேன். “எங்க கையில விசில் இல்லப்பா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த நேரம் பார்த்து உன்னைப் போனில் கூப்பிட்டது என் கிரகம். நீ ஒரு காலத்தில் சங்கச் செயலாளராக இருந்தவன், உனக்கு யோசனைக்கா பஞ்சம். “அத்தான், சத்தம் போடாதீங்க. பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுட்டுப் போய் வரவேற்பறையில சும்மா உட்காருங்க. ஒரு வார்த்தை பேச வேணாம். பெத்தவன் காத்துட்டு உட்கார்ந்திருந்தா எந்த நிர்வாகத்துக்கும் உறுத்தும்” என்றாய். இந்த வார்த்தைகளை நீ சொன்னதாகவே உன் அக்காவிடம் சொல்லவும். யோசனை முழுக்க உன்னுடையது, எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

திங்கட்கிழமை போய் உட்கார்ந்தேன். மெத்தை நாற்காலி, மீன் தொட்டி, எதிரே கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் ஆசிரியர் அறை. தலைமையாசிரியை வந்து கை குலுக்கினார். மெலிந்த அம்மாள், கண்ணுக்குக் கீழே கருவளையம். டீயும் பிஸ்கட்டும் வந்தன. பிறகு அவர் ஆசிரியர் அறைக்குள் போய் ஒவ்வொரு மேஜையாக நின்று ஏதோ சொன்னார். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருட்டியது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் நேரமாயிற்று. புதன்கிழமை என்னை அழைத்துப்போய் சோதனைக்கூடம், நூலகம், தீயணைக்கும் கருவி வரை காட்டினார்கள். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வியாழக்கிழமை இசை வாத்தியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் வெளிநாட்டுக்காரர்தான், ஆள் ஆஜானுபாகு. போனில் தன் கைக்குழந்தையின் படத்தைக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டினார். மறுபடி குழந்தையைக் காட்டினார். பேரன் மாதிரி இருக்கிறான் என்று நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மனுஷன் அழாத குறையாக எழுந்து போனார்.

அன்று கடைசிப் பேருந்தில் திரும்பும்போது மகள் மெதுவாகச் சொன்னாள். “அப்பா, வெளியாள் ஒருத்தர் உள்ள இருந்தா அவங்க கிளம்ப மாட்டாங்க. அது மரியாதையில்லைன்னு நினைக்கிறவங்க. நீ எழுந்து போறதுக்காகத்தான் நாலு நாளா மொத்தப் பள்ளிக்கூடமும் காத்துட்டிருக்கு.”

எனக்கு அப்படியே பேருந்திலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. “மொத நாளே சொல்ல வேண்டியதுதானேடி?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நிமிர்ந்து பார்த்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ இருந்தப்பா. அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்.”

இதற்கு மேல் நான் என்ன எழுதுவது. ஓவர்டைம் கேட்கப் போனவன் ஊராருக்கெல்லாம் டபுள் டூட்டி போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் பெண்ணின் பிழைப்பில் மண் விழுந்தால் உன் அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன். அந்தப் பள்ளிக்கூட வாசலை இனி மிதிக்க மாட்டேன். டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொல்லி மகளிடம் சொல்லிவிட்டேன். நீயும் யோசனை சொல்வதிலிருந்து ஓய்வு பெறுவது குடும்பத்துக்கு நல்லது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். உன் அக்காவை முழங்காலுக்குத் தைலம் போடச் சொல். உனக்கும் என் ஆசிகள் உண்டு, கோபம் தணிந்த பிறகு.

இப்படிக்கு,
இனி உன் பேச்சைக் கேளாத உன் அத்தான்

பின்குறிப்பு: சில நாளாகத் தபாலில் போடாமல் கிடந்த உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். அந்த அம்மாள் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னது, “விருந்தாளி இருக்கிறார், கொஞ்சம் இருங்கள்” என்பதாம். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் ‘இருங்கள்’ என்றது அதுதான் முதல் தடவை. இசை வாத்தியாருக்கு அது உறைத்திருக்கிறது. ஐந்து பேரும் சேர்ந்து போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாளும் நேர்மையான மனுஷி, “நான்தான் சொன்னேன்” என்று நாலு நாளுக்கும் ஓவர்டைம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேட்டால் கிடைக்கும் என்று டீச்சர்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா, தான் இருந்தால் எல்லாருக்கும் ஓவர்டைம் எழுத வேண்டிவரும் என்று, இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் முதல் ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது தலைமையாசிரியைதானாம். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. டிக்கெட்டை மாற்றவில்லை. யோசனை என்னுடையது என்று உன் அக்காவிடம் சொல்லவும். இன்று வெயில் இருக்கும்போதே மகள் வந்துவிட்டாள். இருவருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதியில் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கு இப்போது நன்றாகவே பழகிவிட்டது.