தாங்கள் கொடுத்த காரில் தண்ணீர் நிற்காதது பற்றி

மன்னவனூர்

கோயம்புத்தூரில் செல்வமும் செல்வாக்கும் கோபமும் குறைவில்லாமல் வாழும் சம்பந்தி சுப்புராஜ் அவர்களுக்கும், சம்பந்தியம்மா விசாலாட்சி அவர்களுக்கும், மன்னவனூர் சோலைமலை கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகன் யோகேஷும் நாலு கோழியும் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும், என் மருமகள் சுகன்யா, பேத்தி ஜெயா இவர்களின் சுகத்தையும், அவர்கள் இருவரும் எப்போது திரும்பி வருகிறார்கள் என்பதையும் அறிய ஆவல்.

எனக்கு எழுத்து தெரியாதது தாங்கள் அறிந்ததே. சொல்வது நான், எழுதுவது தபால் ஆபீஸ் நதியா. போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நான் ‘சம்பந்தி’ என்று ஆரம்பிக்கும்போதே தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும், அப்படி என்னதான் எழுதியிருப்பான் என்று துண்டு பொறுக்கி ஒட்டிப் பார்க்கத் தோன்றும்.

நடந்தது எந்த வருஷம் என்பதில் பின்னால் பேச்சு வரக்கூடாது. கஜா புயலில் மரமெல்லாம் சாய்ந்து இந்த மலையே இருட்டில் கிடந்ததே, அது முடிந்து பிறந்த தை மாசம் நம்ம பிள்ளைகளுக்குத் தட்டு மாத்தினோம். பள்ளிக்கூடத்தைப் பூட்டி எல்லாரும் வாயில் துணி கட்டிக்கொண்டு திரிந்த வருஷம் பேத்தி பிறந்தாள். செல்போனில் பாஸ் எடுத்தால்தான் கொடைக்கானலுக்கு வரலாம் என்று சொன்னார்களே, எங்க தெருவில் கேரட்டை விலை போகாமல் மாட்டுக்குக் கொட்டினோமே, அந்த வருஷம் வைகாசியில் பேத்திக்குக் காதுகுத்து. உங்க சனமெல்லாம் வத்தலக்குண்டில் நின்று போனைத் தட்டித் தட்டிப் பாஸ் வாங்கி, காது குத்தி முடிச்சு பாப்பா அழுது ஓய்ஞ்சப்புறம்தான் வந்து சேர்ந்தாங்க. தாய்வீட்டுச் சீர் வரிசையில கடைசித் தட்டை நீங்களே தூக்கிட்டு வந்தீங்க. அதுல வெத்தலை பாக்குக்கு மேல ஒரு கார் சாவி. ஊரே வாயைப் பொளந்துச்சு. நானும் பொளந்தேன், இல்லைங்கல.

சிவப்பு வண்டி. கடல் பொங்கி வந்துச்சே, அதுக்கு மறுவருஷம் வாங்கினதுன்னு சொன்னீங்க. பந்தயத்துல ஓடின வண்டி, காத்தைக் கிழிச்சுட்டுப் போகும்னும் சொன்னீங்க. எங்க ரோட்டுல கிழியறதுக்குக் காத்து இல்ல சம்பந்தி, குழிதான் இருக்கு. உள்ள உக்காந்தா ரோட்டுலயே சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி இருக்கும். ஸ்டார்ட் பண்ணா ஆட்டுப் பண்ணையில ஆடெல்லாம் ஒரே பக்கமாத் திரும்பிப் பார்க்கும். ஆனாலும் உங்க மகளுக்கு அந்த வண்டின்னா உசுரு. ‘எங்கப்பா வண்டி’ன்னு சொல்லும்போது கழுத்து ஒரு சாண் நீளும். அதனால நாங்களும் அதுக்கு மரியாதை குடுத்துத்தான் வச்சிருந்தோம்.

ஆடிச் சாரல் இறங்கினப்ப ஆரம்பிச்சுச்சு வினை. வெள்ளனே மூடியைத் திறந்து பார்த்தா தண்ணி பாதிதான் இருக்கு. ஊத்தி வச்சா மறுநாளும் பாதி. கீழ குனிஞ்சு பார்த்தா ஒரு சொட்டு கிடையாது. அட்டைப்பெட்டியைக் கிழிச்சு அடியில விரிச்சுப் பார்த்தான் யோகேஷ். அட்டை காஞ்சு கெடக்கு. “தண்ணி எங்கலே போவுது?”ன்னு கேட்டேன். “அப்பா, அது தண்ணியில்ல, கூலன்ட்”ங்குறான். பேரு தெரிஞ்சா நின்னுருமா? ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போயேம்லேன்னு சொன்னேன். “இந்த மாதிரி வண்டியை இந்த மலையில எவனும் பார்த்ததில்லப்பா, கை வச்சாக் கெடுத்துருவானுங்க”ன்னான். “நீ பார்த்திருக்கியா?”ன்னு கேட்டேன். “நான் வீடியோ பார்த்திருக்கேன்”ன்னான்.

அந்த வீடியோவை எனக்கும் காட்டினான். ஒரு வெள்ளைக்காரன், வீடு மாதிரி ஒரு கொட்டகையில நின்னு, சிரிச்சுக்கிட்டே வண்டியைக் கழட்டி, சிரிச்சுக்கிட்டே மாட்டுறான். அவன் கையில ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. ஒரு டீ குடிக்கிற நேரத்துல சோலி முடிஞ்சுருச்சு. அதே சோலியை நம்ம பய ஆடியில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் பார்த்தான். வண்டி மூக்கைக் கழட்டிக் கோழிக்கூட்டு மேல வச்சான். கழட்டுன நட்டெல்லாம் கலந்துறக் கூடாதுன்னு இட்லித் தட்டுல குழிக்கு ஒரு வகையாப் பிரிச்சு வச்சான். உங்க மக ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, “மாமா, உங்க மகன்கிட்டச் சொல்லுங்க, எனக்கு இட்லி ஊத்தணும்”னுச்சு. “நட்டு வரிசை மாறிரும், தோசை ஊத்தச் சொல்லுங்க”ன்னான் அவன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் என் வழியாத்தான் பேசுனாங்க. எனக்கும் தோசை அலுத்துப்போச்சு.

அப்புறம் ரேடியேட்டர் மூடியிலதான் ஆவி போகுதுன்னு முடிவு பண்ணி, குக்கர் மூடியில இருக்குற ரப்பர் வளையத்தை வெட்டி அதுக்குள்ள போட்டான். அன்னையிலேருந்து எங்க வீட்டுல குக்கர் விசில் அடிக்கல, வண்டிதான் அடிச்சது. பம்பு போயிருச்சுன்னு போன்லயே ஒண்ணு வரவழைச்சான். வந்தது வேற வண்டியோடது. திருப்பி அனுப்புனா, கொஞ்சநாள் கழிச்சு அதே பம்பு புது அட்டைப்பெட்டியில வந்துச்சு.

இந்தச் சமயத்துலதான் ஜீப்பு ஓட்டுற அருள்தாஸ் வந்து எட்டிப் பார்த்தான். “இதுக்கா இந்தப் பாடு? ரெண்டு கை மஞ்சத்தூளை உள்ள போடு மாப்ள. எங்க ஓட்டை இருந்தாலும் போய் அடைச்சுக்கிடும். என் ஜீப்பு மஞ்சத்தூள்லதான் ஓடுது”ன்னான். எதிர்வீட்டுச் செல்லாயி விடுமா? “மஞ்சள் எந்தக் காலத்துலடா அடைச்சுச்சு? முட்டை வெள்ளைக்கருவை ஊத்து. எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுனப்ப முட்டை இல்லாம வண்டி எடுக்க மாட்டாரு.” “அவரு முட்டையை வண்டிக்கு ஊத்தலக்கா, வாயில ஊத்திக்கிட்டாரு”ன்னு இவன் சொல்ல, “ஏலே, செத்த மனுசனைப் பேசாதே”ன்னு அவ சொல்ல, கடைசியில சண்டை வேண்டாம்னு யோகேஷ் ரெண்டையும் போட்டான். போற வழியில நின்ன எவனோ ஒருத்தன் குருமிளகு முழுசாப் போட்டா நல்லதுன்னான். அதையும் போட்டான். மஞ்சள், சம்பந்தியம்மா வெயில்ல காயவச்சு அரைச்சு மகளுக்குன்னு குடுத்துவிட்ட மஞ்சள்னு எங்களுக்கு அப்பத் தெரியாது.

மறுநாள் டவுன்ல ஒரு கல்யாணம். வண்டி சரியாப்போச்சுன்னு சுகன்யாவைப் பட்டுச்சேலையோட ஏத்திட்டுக் கெளம்புனான். பூம்பாறை தாண்டி ஏத்தத்துல, முன்னாடியிருந்து குப்புன்னு ஆவி. மூடி தெறிச்சு மஞ்ச நுரையாப் பொங்குது. பின்னாடி வந்த சுற்றுலாக்காரனுக எல்லாம் இறங்கி, மேகம் தரையில வந்து நிக்குதுன்னு நெனச்சு முன்னாடி நின்னு போட்டோ புடிச்சானுக. ஒருத்தன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துட்டு, “அண்ணே, சாப்பாடு ரெடியா? எத்தனை பேரு உக்காரலாம்?”னு கேட்டிருக்கான். உங்க மக பட்டுச்சேலையோட இறங்கி வண்டியைத் தள்ளிட்டு வந்து, வீட்டு வாசல்ல நின்னு கேட்டுச்சு: “எங்கப்பா இத்தனை வருஷம் ஓட்டுன வண்டி. ஒரு சொட்டு குறைஞ்சதில்ல. உங்க கைக்கு வந்ததும் இப்படி ஆகுதுன்னா, கோளாறு வண்டியிலயா, கையிலயா?”

அப்பத்தான் இவன் அந்த வார்த்தையைச் சொன்னான். நதியா, இதை எழுது தாயி, மறைச்சு என்னாவப் போவுது? “வண்டி உங்கப்பா மாதிரியே இருக்கு. சத்தம் பெருசு. சட்டுனு சூடாயிருது.”

சுகன்யா பாப்பாவையும் பையையும் எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிருச்சு. நான் அவனை நல்லா வஞ்சேன் சம்பந்தி. பெரியவரை அப்படிச் சொல்லலாமா, அவரு எவ்வளவு அமைதியான மனுசன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நீங்க போன் பண்ணீங்க. அந்தப் போனைக் காதுல வைக்க முடியல, கட்டில்ல வச்சுத்தான் கேட்டோம். செல்லாயி வெளியே ஓடியாந்து, “என்ன யோகேசு, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சா?”ன்னு கேட்டா. இதை எழுதணுமான்னு நதியா கேக்குது. எழுதிருச்சு, விடுங்க.

அந்தப் போன்ல நீங்க ஒரு தீர்ப்புச் சொன்னீங்க. “தட்டு மாத்துனப்ப உங்க பக்கம் பாயில உக்காந்து, பொண்ணை நல்லா வச்சுக்குவோம்னு வெத்தலை மேல கை வச்ச பெரியவங்க யாராச்சும் நேர்ல வந்து கூப்பிடட்டும். பையனும் வரவேண்டாம், அவனைப் பெத்தவனும் முன்னாடி வந்து நிக்கவேண்டாம். அதுவும் என் வண்டியிலேயே வரணும். இல்லாட்டி என் மக இங்கதான்.” முறையான பேச்சு, தப்புச் சொல்ல மாட்டேன். ஆனா நடக்குற காரியமா, நீங்களே பாருங்க. பாயில நடுவுல உக்காந்தது எங்க ஊர்த்தலைவர் சேனாதிபதி. ஒரு சரிகை வேட்டியை அன்னைக்குத்தான் பிரிச்சுக் கட்டியிருந்தாரு, முடிச்சு நிக்காம ஒரு கையால புடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஊரடங்கு முடியறதுக்குள்ள போயிட்டாரு. அவருக்கு வலப்பக்கம் ராக்கன். மரம் மரமா ஏறித் தேன் எடுத்த மனுசன், பஸ் ஸ்டாண்டுல டீக்குடிக்க உக்காந்த இடத்துல சாஞ்சுட்டான். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரி இராசாத்தி. பேத்தி தவழ ஆரம்பிச்ச மாசம் போனா, அது உங்களுக்கே தெரியும். ஆக பாயில இருந்தவங்க ஒருத்தரும் இல்ல. நான் யாரைக் கூட்டிட்டு வருவேன்? வண்டியோ, பாதி வாசல்லயும் பாதி அடுப்படியிலயும் கெடக்கு.

அதனால நான் கேட்டுக்கறது ஒண்ணுதான். தயவுபண்ணி ஒரு லாரி அனுப்பி வண்டியை எடுத்துக்கிடுங்க. சீரைத் திருப்பி அனுப்புறது முறையில்லதான். ‘சம்பந்தி ஆசைப்பட்டு ஒரு நடை ஓட்டக் கொண்டு போயிருக்காரு’ன்னு ஊர்ல சொல்லிக்கிடுறேன். மருமகளையும் பேத்தியையும் மட்டும் வெரசா அனுப்பிவைங்க. பாப்பா இல்லாம வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. சாயங்காலமானா பஸ் வர்ற திசையில ரெண்டு பேரும் உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கோம். நான் பார்க்குறதை அவன் பார்க்காத மாதிரியும், அவன் பார்க்குறதை நான் பார்க்காத மாதிரியும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மஞ்சளுக்கு மன்னிப்பு. பேத்திக்குத் தாத்தாவின் ஆயிரம் ஆசீர்வாதங்கள். தங்கள் தொழிலும் ரத்த அழுத்தமும் என்றும் சீராக இருக்கப் பழனி ஆண்டவனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
சோலைமலை (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பேத்திக்குச் சொன்ன ஆசீர்வாதத்தைத் தவிர எதையும் தாங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒட்டின உறையைப் பிரிச்சு நதியாவை எழுதச் சொல்றேன்.

பாயில இருந்தவங்க ஒருத்தரும் இல்லன்னு சொன்னது பொய். ஒரு ஆளை வேணும்னேதான் விட்டேன். யோகேஷ் கல்யாணத்துல ரெண்டாம் பந்தியில உக்கார வச்சுட்டேன்னு, அன்னையிலேருந்து என் முகத்துல முழிக்காத ஆளு. பண்ணைக்காட்டுல இருக்கு. நான் கூப்பிட்டா வராதுன்னு இருந்தேன். என்கிட்டச் சொல்லாமலே யோகேஷ் நேத்து அருள்தாஸ் ஜீப்புல போய்க் கால்ல விழுந்திருக்கான். வந்து இறங்கி, அஞ்சு வருஷத்துக்கப்புறம் பேசின மொதப் பேச்சு: “ஏலே சோலை, இப்பவும் என்னைப் பின்னாடிதான் உக்கார வைப்பியா?” “இல்ல, முன் சீட்டு”ன்னேன். சொல்லி முடிக்கலை, ஏறி உக்காந்துருச்சு. வண்டிக்கு மூக்கு இல்ல, ஓடுமான்னு தெரியல, நாளைக்குத்தான் பயணம்னு எவ்வளவோ சொன்னோம். “இறங்குனா வேற எவளையாவது உக்கார வச்சுருவ”ன்னு சொல்லி, சோத்தையும் அங்கேயே வாங்கித் தின்னுச்சு.

தின்னுக்கிட்டு இருக்கும்போதே சத்தம் போட்டுச்சு. “என்னடா வண்டி இது, கால் வைக்குற இடமெல்லாம் பிசுபிசுங்குது. சீனிப்பாகு வாசம் வேற அடிக்குது.” யோகேஷ் மிதியடியைத் தூக்கிப் பார்த்துட்டுத் தலையில கை வச்சு உக்காந்துட்டான். வண்டிக்குள்ள சுடுகாத்து வர்றதுக்கு ஒரு திருகு இருக்காம். கோயம்புத்தூர்ல அதை யாரு தொடப் போறா? இங்க சாரல்ல சுகன்யா குளிருதுன்னு திருகியிருக்கு, சுடுகாத்துக்குன்னே உள்ள ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்காம், காஞ்சு கெடந்த அது உள்ளேயே விட்டுப்போச்சு. அத்தனை தண்ணியும் வண்டிக்குள்ளதான் இறங்கியிருக்கு, சீனிப்பாகு வாசம் அந்தக் கூலன்ட்டோடதாம். கண்ணாடியில உள்பக்கமா ஆவி படிஞ்சதை மூடுபனின்னு நெனச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்திருக்கோம். மூடுபனி ஊர்ல இருந்துக்கிட்டு யாரு சந்தேகப்படுவா? திருகினது சுகன்யான்னு நாங்க ஒண்ணும் சொல்லலை, நீங்களும் கேக்காதீங்க.

அந்தச் சுடுகாத்துப் பக்கம் போற ரெண்டு குழாயையும் புடுங்கி, கேரட் தோட்டத்துல தண்ணி பாய்ச்சுற டியூப்போட இணைப்பை வச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்துட்டான். உள்ள இருந்த மஞ்சள், முட்டை, மிளகெல்லாம் அலசிக் கொட்டியாச்சு. பூம்பாறை வரைக்கும் போயிட்டு வந்தோம், சூடு காட்டுற முள்ளு நடுவுலயே நிக்குது. மூக்கு மட்டும் மாட்டலை. கோழி அதுக்குள்ள அடைகாக்க உக்காந்துருச்சு.

லாரி வேண்டாம். இந்தக் கடுதாசியும் தபால்ல வராது, வண்டியிலேயே வருது. ஓட்டிட்டு வர்றது யோகேஷ், அவன் வெளியவே நிப்பான், நானும் பின் சீட்டுலதான் இருப்பேன், நீங்க சொன்ன தீர்ப்பு மீறாது. அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லி வழியெல்லாம் நான் பாடம் நடத்தப் போறேன். ஆனா முன் சீட்டுல இருக்குறது, “பய சொன்னதுல என்னலே தப்பு? அந்த ஆளு தட்டு மாத்துனப்பவே தாம்பூலத்துல பாக்கு குறையுதுன்னு கத்துனவருதானே”ன்னு இப்பவே ஆரம்பிச்சுருச்சு. அதை என்னால அடக்க முடியாது, இந்த உலகத்துல யாராலயும் முடியாது. சுகன்யாவைப் பையைக் கட்டி வைக்கச் சொல்லுங்க. நீங்க சத்தம் போடாம வாசல்ல வந்து நில்லுங்க. வெத்தலை மேல கை வச்சவங்கள்ல இன்னும் உசுரோட இருக்குற ஒரே ஆளு உங்ககிட்டப் பேசணும்னு வருது. எங்க அக்கா, மகாராணி.