அட்டைப்பட நிலா

நிலா மறுபடியும் பாவ் மாதிரிதான் வந்திருந்தது.

கிரிகரி கேமராவின் சின்னத் திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். கையை நீட்டித் தூரத்தில் வைத்தும் பார்த்தார். சீனர் கடையில் ஆவியில் வெந்து உப்பிய வெள்ளைப் பாவ். உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நிஜ நிலாவோ, பண்டமாரான் அடுக்குமாடியின் எதிர் புளோக் கூரைக்கு மேலே, திட்டுத்திட்டாகத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தது.

"எட்டு மணிக்கு ஜெயராஜ் வந்துருவான்லா," என்று கிரிகரி முனகினார்.

போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவருக்கு, தங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் மலர் அட்டை என்பது பரம்பரைச் சொத்து மாதிரி. வருஷா வருஷம் அவருடைய சட்டைப்பைக் கேமராவில் எடுத்த படம்தான் அட்டையில் வரும். அந்தக் கேமராவை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. மனைவி உர்சுலா தூசி தட்டுவதென்றால்கூட அனுமதி கேட்க வேண்டும்.

இந்த வருஷம் மலர்க் குழுச் செயலாளர் ஜெயராஜ், வாட்ஸ்அப் குழுவில் ஒரு முழுநிலாப் படத்தைப் போட்டு, 'அட்டைக்கு இது எப்படி?' என்று கேட்டுவிட்டார். அம்மைத் தழும்பு போல ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது. கட்டைவிரல்களும் இதயங்களும் வந்து குவிந்தன. எடுத்தவர் பெயர் இல்லை. தானே எடுத்துவிட்டு அடக்கமாக இருப்பதுபோல் நடிக்கிறான் என்று கிரிகரிக்குப் புரிந்துபோயிற்று. ஆத்திரத்தில், 'இதைவிட நல்ல நிலா என்னிடமிருந்து வரும். காத்திருக்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார். கோயிலே காத்திருந்தது.

"வெளிச்சத்தக் கொஞ்சம் கொறச்சுப் பாருங்களேன்," என்றாள் உர்சுலா, கதவோரம் நின்று.

"ராத்திரியில எடுக்கற படத்துக்கு எவனாச்சும் வெளிச்சத்தக் கொறைப்பானா? கூட்டணும்."

கூட்டினார். பாவ் வெடித்துவிட்டது. திரை முழுக்க வெள்ளை.

"கை ஆடுது. அதான்," என்று தீர்மானித்தார்.

"கை படாம அதுவா எடுக்குமே, குடும்பப் படத்துக்கு அமுக்கிட்டு ஓடி வந்து நிப்பீங்களே, அத வெச்சு..."

"அது மனுசன எடுக்கறதுக்கு. நிலா என்ன ஓடி வந்தா நிக்கப் போகுது?"

அரிசி டின்னைத் தூக்கிவந்து வராந்தாவில் ஸ்டூல்மேல் ஏற்றி, அதன் தலையில் கேமராவை உட்கார வைத்தார். பொத்தானை அமுக்கியபோது டின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிலாவுக்கு வால் முளைத்தது.

"ஜெயராஜ் என்ன கேமரா வெச்சிருக்கான்னு தெரியல. கல்யாணத்துக்கெல்லாம் கொண்டு வருவானுங்களே, பீரங்கி மாதிரி, அதாத்தான் இருக்கும்."

"இல்லங்க, அந்தப் படத்த வந்து..."

"அவனுக்கு நீ ஒன்னும் வக்காலத்து வாங்க வேணாம்."

உர்சுலா குனிந்து, சாய்ந்த டின்னை நிமிர்த்தி வைத்தாள்.

அடுத்த குற்றவாளி வராந்தா விளக்கு. அதுதான் நிலாவைக் கெடுக்கிறது! கிரிகரி சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தார். வரிசையாகச் சுவிட்சுகள். எது விளக்குக்கு என்று தெரியவில்லை. இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து இழுத்தார்.

மாடி மொத்தமும் இருண்டது. தொலைக்காட்சிகள் ஒரே நேரத்தில் ஊமையாகின. "அலாமா! இங்க மட்டும் ஏன் கரன்ட் போச்சு?" என்று யாரோ கத்தினார்கள். கதவுகள் திறந்தன.

கிரிகரிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வானம் அவ்வளவு அழகாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

இவ்வளவு இருட்டைக் கண்ட கேமரா, நல்லெண்ணத்தோடு தானாகவே பளீரென்று பிளாஷ் அடித்தது. அதே நொடியில், என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டு முகுந்தன் எதிரே நின்றார். இடுப்பில் துண்டு. தலையிலும் மீசையிலும் அப்பிய கறுப்புச் சாயம்.

திரையில் படம் வந்தது. கிரிகரி தம் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே மிகத் தெளிவானது அதுதான். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஏன்லா கிரிகரி, என்னைய எதுக்கு எடுத்தே?"

"உங்கள இல்லண்ணே, நிலாவ..."

"நானா நிலா? இருபது வருசமா எனக்கு இயற்கையாவே கறுப்புன்னு சொல்லிட்டிருக்கேன். குரூப்புல போட்டுடாதே! அழி, என் கண்ணு முன்னாடி அழி!"

சாயம் கழுத்தில் வழிய முகுந்தன் மேலேயே வந்து விழுந்தார். கிரிகரி பதறிப்போய்ப் பொத்தான்களைத் தட்டினார். கேமரா ஏதோ கேட்டது. ஆமாம் என்றார். இன்னொரு முறையும் கேட்டது. ஆமாம், ஆமாம் என்றார். எல்லாப் படங்களும் அழிந்தன. பாவ், வால், முகுந்தன், எதுவும் மிச்சமில்லை.

நிமிர்ந்து பார்த்தார். நிலாவையும் மேகம் மூடியிருந்தது.

உர்சுலா போய்ச் சுவிட்சைப் போட்டாள். வெளிச்சம் வந்தபோது மாடியிலிருந்த அத்தனை பேரும் வராந்தாவில் நின்றார்கள். முகுந்தன் துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடினார். அவர் ஓடிய வழியே படியேறி வந்தார் ஜெயராஜ். கூடவே, மலருக்கு அட்டை வடிவமைக்கும் அவருடைய மகள் ஷார்மைன், மடிக்கணினியை அணைத்துக்கொண்டு.

"படம் ரெடியா பிரதர்?" என்றார் ஜெயராஜ். "பிரஸ்காரன் காத்துட்டிருக்கான்."

கிரிகரி ஸ்டூலையும் அரிசி டின்னையும் பார்த்தார். அக்கம்பக்கத்தார் முகங்களைப் பார்த்தார். ஒரு மாதிரி பாரம் இறங்கியதுபோல் இருந்தது. எப்படியும் கிரிகரி நல்ல மனிதர்தான், தப்பை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர்.

"இல்ல ஜெயராஜ். என்னால முடியல. அந்தப் படமே அட்டையில போகட்டும். பொறாமையில ஏதேதோ எழுதிட்டேன், மன்னிச்சுக்க. எடுத்தவன் கைய கண்ணுல ஒத்திக்கலாம். ஒன்னே ஒன்னு சொல்லு, என்ன கேமரா அது? நானும் அதையே வாங்கிக்கறேன்."

"எங்கிட்டக் கேக்கறீங்க?" ஜெயராஜ் விழித்தார். பிறகு உர்சுலாவைப் பார்த்தார்.

"அடுப்புல தண்ணி கொதிக்குது," என்று சொல்லி உர்சுலா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

ஷார்மைன் மடிக்கணினியைத் திறந்து அரிசி டின்மேல் வைத்தாள்.

"அங்கிள், படத்துக்குக் கீழ ஆன்டி பேர மட்டும் போடவா, இல்ல கேமரா உங்களோடதுன்னு உங்க பேரையும் சேத்துக்கவா?"