கெட மறுத்த மீட்டர்

ஸ்பீடாமீட்டர் கேபிளின் நட்டு அசைவேனா என்றது. வெங்கடகிருஷ்ணன் தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்து, கால்களைத் தெருப்பக்கம் நீட்டியபடி, கட்டிங் பிளேயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஸ்ரீவராகம் தெருவில் காரைச் சரிசெய்ய இப்படிப் படுத்தவர்கள் உண்டு. கெடுப்பதற்காகப் படுத்தவர் இவர் ஒருவர்தான்.

காரணம், மெக்கானிக் ஞானையன். அந்தப் பழைய அம்பாசடரில் ஏதாவது மீட்டர் மக்கர் பண்ணினால்தான் அவர் வருவார். அரை மணி வேலை, இரண்டரை மணி பேச்சு. மனைவி லலிதாம்பாள் போய் நாலு வருஷமாகிறது. மகள் ராஜஸ்ரீ புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவாள். மற்ற நாளெல்லாம் வெங்கடகிருஷ்ணனுக்கு வாயைத் திறக்கவே வேலையில்லை. வீடு அவரைப் பிடுங்கித் தின்றது. அதற்காக, சும்மா பேசிக்கொண்டிருக்க வா என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட முடியுமா? ரிட்டயர்டு ஆபீசருக்குக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

கடைசியாக வந்தபோது ஞானையன், "நான் முறுக்குன நட்டு இனி அசையாது சாரே, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவி மனுஷன், சொன்னபடியே செய்திருந்தார். மூன்று மாதமாக ஒரு முள்கூடப் பழுதாகவில்லை.

நட்டு மசியாததால், டாஷ்போர்டிலிருந்து மீட்டர் தட்டையே வெளியே இழுத்துப் பின்பக்கம் கையை விட்டார். ஆயில் பிரஷர் குழாய் கழன்றுவந்தது. அதோடு விட்டிருக்கலாம். தாமே கழற்றியது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் திருப்பி மாட்டினார். மாட்டியது சரிதானா என்று பார்க்க இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். குழாய் பிய்த்துக்கொண்டு, ஆயில் வேஷ்டியில் பீச்சியடித்தது. பதறிப்போய் இன்ஜினை அணைத்தார்.

எதிர்வீட்டு நாகலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, வேஷ்டி பூரா கரியாயிருக்கு?"

"மீட்டர் பாத்துண்டிருக்கேன்."

"அந்த ஞானையனைக் கூப்பிடப்படாதோ?"

"அதுக்குத்தானேம்மா இத்தனை பாடு!"

அவள் குழம்பிப்போய் உள்ளே போனாள்.

குழாயை மறுபடி மாட்ட, அவசர அவசரமாகத் தட்டை வெடுக்கென்று இழுத்தார். 'டிக்'கென்றது. டெம்பரேச்சர் மீட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய செம்புக்குழல் இரண்டாக ஒடிந்து கையில் வந்தது.

"இது மட்டும் ஒடிஞ்சா வேற கிட்டாது சாரே. பின்ன வண்டிய வித்துர வேண்டியதுதான்" என்று ஞானையன் எச்சரித்திருந்தார். வண்டி போனால் ஞானையனும் போனார். அந்த இரண்டரை மணி நேரமும் போனது. வெங்கடகிருஷ்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்.

பிறகு போன் செய்தார். ஞானையனின் மகள் ஷாலு எடுத்தாள்.

"அப்பா குளிக்காங்க அங்கிளே. மீட்டராக்கும் பிரச்சினை?"

"ஆமாம்மா. பொய் சொல்லப்போறதில்லை. நானேதான் கெடுத்தேன். வேணும்னே கெடுத்தேன். அவர் வந்து நாழி போறதே தெரியாம பேசிண்டிருப்பார், அதுக்காகத்தான். கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு. வொர்க்‌ஷாப்ல வேலை ஒழிஞ்சா ஒரு நடை வரச் சொல்லு."

ஷாலு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வொர்க்‌ஷாப்ப மூடி ரெண்டு வருஷமாச்சு அங்கிளே. இப்ப அப்பா சட்டை மாட்டி வெளிய எறங்கறதே உங்க வீட்டுக்கு வாறதுக்கு மட்டுமாக்கும்."