புரோட்டீன் அக்கா பரிந்துரை வென்ற படலம்

எண்பது கிலோ இரும்பை இடுப்புவரை எடுத்து இமை துடிக்காமல் இறக்கிவைக்கும் திண்தோளினளை, எதிர்ப்பட்டோரையெல்லாம் காலையில் என்ன தின்றாய் என விசாரித்துக் குலைநடுங்க வைப்பவளை, பெண்கள் உடற்பயிற்சிக்கூடத்தின் முடிசூடா அரசியை, ‘புரோட்டீன் அக்கா’ என்னும் புகழ்ப்பெயர் பூண்டவளைப் போற்றித் தொடங்குகிறோம். மூச்சு வாங்காமல் இதைச் சொல்லி முடிக்க எம் நுரையீரல்கள் துணைநிற்க!

நான்காண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர், ஜிம் டீச்சர் பேச்சையெல்லாம் கேட்காதீர்கள் என்று தம் நோயாளியிடம் அவள் காதுபடச் சொன்னார். அச்சொல் வேலாய்த் தைத்த நெஞ்சோடு, ஊட்டச்சத்தும் உடற்பயிற்சி அறிவியலும் முதுகலையாகக் கற்றே தீர்வதென்று அன்றே சூளுரைத்தாள். சென்ற ஆண்டு விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியலைத் தலைகீழாகப் பதிவேற்றி வீழ்ந்தாள். வயது வரம்பின்படி இவ்வாண்டே கடைசி. இன்று மாலை ஐந்து மணியே கெடு.

இணையப் படிவமெனும் பெருங்கோட்டையின் வாயில்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. கண் எங்கே மூக்கு எங்கே என்பது ஊகத்துக்கு உரியதாகும்வரை புகைப்படத்தைச் சுருக்கினாள். இரண்டாயிரம் சொல் நோக்கக் கட்டுரையை ஐந்நூறாக வெட்டிச் சாய்த்தாள். எஞ்சியது ஒன்றே: தன்னை இளங்கலையில் பயிற்றிய பேராசிரியர் இணையத்தில் எழுதி அனுப்பவேண்டிய பரிந்துரை. அவரது கைப்பேசியோ அணைந்து கிடந்தது.

மூன்று மணிக்கு, லிஃப்ட் பழுதான அவரது அடுக்ககத்தின் நான்கு மாடிகளையும் இரண்டிரண்டு படியாய்த் தாவிக் கடந்து, வியர்வைத் துளியும் அரும்பாமல் அவர் வாசலில் நின்றாள். கதவைத் திறந்தவர், கையில் பாதி உரித்த பூண்டும் கண்ணில் கடுங்காவலும் கொண்ட பேராசிரியரின் மனைவி.

“சார் தூங்குறாரும்மா. நாலரைக்கு முன்னாடி எழுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

தூக்கமே தசைக்கு மருந்தென்று நாள்தோறும் முழங்கும் நாவால் எதை மறுப்பாள்! சோபாவில் சாய்ந்தாள். நாலரைக்கு எழுந்து, முகம் கழுவி, காப்பி குடித்து, கண்ணாடி தேடி அவர் அமர்வதற்குள் ஐந்தரை ஆகிவிடும் என்று மனக்கணக்குச் சொன்னது. மூடிய கதவுக்கு அப்பால், யானைப்படை சேற்றில் புதைந்து புரள்வதுபோல் குறட்டை எழுந்து வீழ்ந்து எழுந்தது.

அப்போது அம்மையார் முழங்காலைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். வீராங்கனையின் விழிகளில் மின்னல் வெட்டியது. ஒரு சின்னப் பயிற்சி இருக்கிறது, பத்தே நாளில் வலி குறையும் என்று பணிவோடு சொல்லி, அவரைச் சுவரோரம் நிறுத்தி, நாற்காலியில் அமர்வதுபோல் பாதிவரை இறங்கி ஏறச் செய்தாள். எத்தனை முறை என்று எண்ணுவது பயிற்றுநர் கடமையல்லவா? பாட்டுச் சத்தத்தை மீறி நாற்பது பெண்களை ஆட்டுவிக்கும் அக்குரலால், சன்னல் கண்ணாடிகள் அதிர, எண்ணலானாள். எட்டில் குறட்டை தடுமாறியது. பன்னிரண்டில் அறுந்தது. பதினைந்தில், வேட்டியை இறுக்கியபடி பேராசிரியர் வெளிப்பட்டார்.

“நான் எழுப்பலை சார்,” என்றாள் அவள். “அம்மாவுக்கு முட்டி வலி.”

அதன்பின் நிகழ்ந்த அறுவகைப் போரை எங்ஙனம் உரைப்போம்! கடவுச்சொல் மறந்தது, நினைவு வந்தது தவறானது, மடிக்கணினி உயிர்விட்டது, சார்ஜர் கட்டிலடியில் ஒளிந்தது, கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது, ஒற்றை விரலோ எழுத்துக்கு எழுத்து யாத்திரை சென்றது. நான்கே முக்காலுக்குக் கடைசிக் கேள்வியில் அவ்விரல் நின்றது.

“நெருக்கடியில நீ எப்படி நடந்துக்குவேன்னு கேட்டிருக்காங்க,” என்றார் பேராசிரியர், தொடையைத் தடவிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துவிட்டு, தன் மாணவியிடம். “நீ எண்ணினதை எழுதட்டுமா?”

“எழுதுங்க சார்.”

அவர் அனுப்பியது நான்கு ஐம்பத்தொன்று. அவள் தன் கைப்பேசியில் ‘சமர்ப்பி’யை அழுத்தியது நான்கு ஐம்பத்துநான்கு. திரையில் வட்டம் சுழன்றது, சக்கராயுதம்போல், ஊழிக்காலம்போல். சுழன்று சுழன்று, ஈற்றில் பசுமை பூத்து வெற்றிக்குறி ஒளிர்ந்தது. பார்த்த மாத்திரத்தில் அம்மையாரிடம் திரும்பி, இன்னும் ஐந்து முறை பாக்கி என்றாள்.

முப்பது இடத்துக்கு மொத்தம் பதினொரு பேர்தான் விண்ணப்பித்திருந்தார்கள், எல்லோருக்கும் கிடைத்தது.