லிண்டா சரி என்று சொன்ன பிறகு

உண்மையை ஒத்துக்கொள்கிறேன். யாராவது என்னிடம் உடனே "சரி" என்று சொல்லிவிட்டால் எனக்கு நம்பிக்கை போய்விடும். "முடியாது" என்றால் சமாளிப்பேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாலும் தெம்பாகத்தான் இருப்பேன். ஒரே வார்த்தையில் ஒத்துக்கொள்கிற ஆட்களைக் கண்டால்தான் பயம். இந்த வியாதியை வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கலிபோர்னியாவில் பாத வைத்தியம் பார்க்கும் ஒரு கால் டாக்டரின் ஆபீசை நான் படுத்திய பாட்டை இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் காபியோடு சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

(செவ்வாய்க்கிழமையில் யாராவது புது வேலை பேசுவார்களா என்று கேட்காதீர்கள். அங்கே அப்போது திங்கட்கிழமை சாயங்காலம்தான், அதனால் தோஷம் கிடையாது என்று என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.)

என் வேலையைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டாக்டருக்கு வரவேண்டிய பணத்தில் பெரும்பங்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வரும். டாக்டர் ஆபீசிலிருந்து போகும் பில்லில் ஒரு எண் தப்பினாலும், பிறந்த தேதி மாறினாலும், முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் அப்படித் திரும்பிய பில்கள் வருஷக்கணக்கில் குவிந்துவிடும். அந்தக் குவியலைக் கிளறி, தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி அனுப்புவதுதான் என் தொழில். எட்டு வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்றில் இதைத்தான் செய்தேன். கல்யாணமாகி திருவண்ணாமலைக்கு வந்த பிறகும் வீட்டிலிருந்தபடியே அதே வேலை.

திடீரென்று கம்பெனிக்கு எங்கள் முகத்தையெல்லாம் நேரில் பார்க்க ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சென்னைக்கு வருவதாக எழுதிக் கொடு, இல்லாவிட்டால் ராஜினாமா கொடு என்றார்கள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது, சும்மா விட முடியாது. போனால் வாரத்தில் ஐந்து நாள் ஹாஸ்டல். மகள் மித்ராவுக்கு அப்போது நாலு வயசு. என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். சுண்டு விரலை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போக வழியில்லை. எனக்குப் போக மனசே இல்லை.

அந்த நேரத்தில்தான் பழைய டீம் லீடர் ஒருவர் மூலமாக அந்தக் கால் டாக்டர் கிடைத்தார். அவரிடம் ஆயிரத்து நானூறு பழைய பில்கள் தேங்கிக் கிடந்தன. வசூலாகும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசலாம்தான். ஆனால் பாதி பில்கள் கெடு தாண்டியவையாக இருக்கும், அவற்றில் ஒரு பைசா தேறாது. அதனால் பில்லுக்கு இவ்வளவு என்று பேசுவதே புத்திசாலித்தனம். ஒரு நாளைக்குப் பத்து பில் முடிப்பேன். பில்லுக்கு மூன்று டாலர் கிடைத்தால் சென்னைச் சம்பளத்துக்கு ஈடாகிவிடும். இதுவரைக்கும் நான் போட்ட கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை, ஆலோசனை கேட்ட இடத்தில் ஆரம்பித்தது. என் கணவர் சரவணன் தேரடி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஒரு குத்துவிளக்கை விற்பதற்குள் இரண்டு தடவை டீ வரவழைக்கிற மனுஷர்.

"மூணு வேணும்னா ஆறு சொல்லு. அவங்க ஒண்ணரைனு ஆரம்பிப்பாங்க. நீ மூஞ்சத் தூக்கி வெச்சுக்கோ. அப்பிடியே இழுத்துக்கினு வந்து மூணரையில நிறுத்து."

"அமெரிக்காக்காரங்க பேரம் பேசுவாங்களாங்க?"

"மனுசங்கதானே?"

செவ்வாய் காலை. லேப்டாப் முன்னால் மேலே பட்டுப்புடவை, கேமராவுக்குத் தெரியாத பாகத்தில் நைட்டி. மேஜைக்குக் கீழே, திரையில் தெரியாதபடி, என் கணவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் மேனேஜர் லிண்டா வந்தார். வெள்ளைத் தலைமுடி, சிரித்த முகம். (பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். என் இங்கிலீஷ் பதற்றத்தில் என்ன பாடுபடும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.) பத்து நிமிஷம் வேலையைப் பற்றி நன்றாகவே பேசினேன். பிறகு அவர் கேட்டார்.

"ஒரு பில்லுக்கு எவ்வளவு?"

"ஆறு டாலர்" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"சரி. ஒப்பந்தத்தை அனுப்பிவிடுகிறேன்" என்றார் லிண்டா.

கீழே குனிந்து பார்த்தேன். கணவரின் முகம் வெளுத்திருந்தது.

"உடனே சரினுட்டாங்களா? அய்யய்யோ, வாங்க மாட்டாங்க!" என்று கிசுகிசுத்தார். அது அவர்கள் கடையின் அனுபவ ஞானம். வாங்குகிறவன் சண்டை போடுவான், வாங்காதவன்தான் தலையாட்டிவிட்டுப் போவான். "கொஞ்சம் கம்மி பண்ணி இழுத்துப் புடி!"

"மேடம், உங்களுக்காக ஐந்தரை" என்றேன்.

லிண்டா புருவத்தை உயர்த்தினார். "ஆறே பரவாயில்லையே."

பரவாயில்லையாம்! விலை கேட்டுவிட்டுப் பரவாயில்லை என்று சொல்கிறவரை எப்படி நம்புவது? "ஐந்து" என்றேன். அவர் பேசவில்லை. எங்கள் ஊர் அகராதியில் வாடிக்கையாளர் பேசாமல் இருந்தால் விலை ஜாஸ்தி என்று அர்த்தம். "நாலு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூன்றரை!" எதிரில் எதிரியே இல்லாத சண்டையில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

"பேரு வெட்டுறது ஃப்ரீனு சொல்லு" என்றார் கணவர், பழக்க தோஷத்தில். (பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது அவர் கடையில் இலவசம்.) இன்சூரன்ஸ் பில்லில் எந்தப் பெயரை வெட்டுவது? ஆனாலும் ஏதாவது கொசுறு கொடுத்தே ஆகவேண்டும் போலத் தோன்றியது. "முதல் நூறு பில் இலவசம்!" என்று அறிவித்தேன்.

அப்போது லிண்டாவின் வீட்டு வாசலில் மணி அடித்தது. "ஒரு நிமிஷம், யாரோ வந்திருக்கிறார்கள்" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கடைப் படி எறங்குறாங்க பாரு! கூப்புடு, கூப்புடு!" என்று கணவர் என் முழங்காலை உலுக்கினார்.

"மேடம்! மேடம்! இரண்டு! கடைசி விலை இரண்டு!" என்று கத்தினேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மித்ரா எழுந்து அழ ஆரம்பித்தாள். லிண்டா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "நான் டாக்டரிடம் பேச வேண்டும்" என்று மட்டும் சொன்னார். திரை அணைந்தது.

கணவர் மேஜைக்குக் கீழிருந்து வெளியே வந்தார்.

"இன்னா, ரெண்டுக்கா குடுத்துட்ட?"

"நீங்கதானே கூப்புடுன்னீங்க!"

"கூப்புடுனுதான் சொன்னேன். கடையவே தூக்கிக் குடுனு சொன்னனா?"

புதன்கிழமை காலை லிண்டாவிடமிருந்து மெயில் வந்தது. டாக்டருக்குக் கவலையாக இருக்கிறதாம். மூன்று நிமிஷத்தில் விலை மூன்றில் ஒரு பங்காகிவிட்டதே, வேலையின் தரமும் இதே வேகத்தில் இறங்குமோ, நோயாளிகளின் விவரங்களை நம்பி ஒப்படைக்கலாமா என்று கேட்டிருந்தார். திருடி என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதில் அவருடைய பெருந்தன்மை தெரிந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். ஹாஸ்டல் வார்டனின் நம்பரைத் தேடி எடுத்து வைத்தேன். அழுவதற்கு எனக்கு முழு உரிமை இருந்தது, இந்தக் கூத்தைச் செய்தது நானேதான்.

"பேசாம ஒண்ணரைனு போட்டுப் பாரேன்" என்றார் கணவர். நான் பார்த்த பார்வையில் அவர் சாப்பிடாமலே கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் உட்கார்ந்து பதில் எழுதினேன். நடந்ததை அப்படியே எழுதினேன். எங்கள் ஊரில் சொன்ன விலைக்கு யாரும் சரி சொல்வதில்லை, நீங்கள் சொன்னதும் பயந்துவிட்டேன். எனக்கு உண்மையில் தேவை மூன்று டாலர். இரண்டுக்கு ஒத்துக்கொண்டால் என் வீடு நடக்காது, மகளை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக வேண்டிவரும். என் வேலையில் சந்தேகம் இருந்தால் இருபது பில்கள் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். மேஜைக்குக் கீழே கணவர் இருந்ததையும் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகு மானத்தில் பாக்கி எதுவும் இல்லை, அதனால் கொஞ்சம் லேசாகவே இருந்தது.

வியாழக்கிழமை பதில் இல்லை. பெட்டியைத் தூசி தட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு ஒப்பந்தம் வந்தது. ஆறுக்கும் இரண்டுக்கும் நடுவில், பில்லுக்கு நாலு டாலர் என்று டாக்டரே போட்டிருந்தார். மேஜைக்குக் கீழே என்ற இடத்தைப் படித்துவிட்டு அவர் நெடுநேரம் சிரித்ததாக லிண்டா எழுதியிருந்தார். இலவசமாகச் சொன்ன நூறு பில்லை மட்டும் டாக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. (அமெரிக்காக்காரர்களும் மனுஷர்கள்தான்.) ஒன்பது பக்கத்தையும் வரி விடாமல் படித்தேன். அதில் பதினோராவது ஷரத்து எனக்கென்றே எழுதப்பட்டது: "வேலையை ஏற்பவர் பேச்சுவாக்கில் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்ளக் கூடாது. குறைப்பதானால் டாக்டரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும்."

அன்றே சென்னைக்கு ராஜினாமா அனுப்பினேன். ஆயிரத்து நானூறும் ஏழு மாதத்தில் முடிந்தன. அந்த டாக்டர் சொல்லி இன்னும் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். அவர்கள் ஒப்பந்தத்திலும் அந்தப் பதினோராவது ஷரத்தை லிண்டாவே சேர்க்கச் சொல்லிவிட்டார்.

இப்போது வீட்டில் நான் எதிலாவது இறங்கி வந்தால் போதும், கணவர் கூடத்திலிருந்து "பதினொண்ணு!" என்று குரல் கொடுப்பார். மித்ராவுக்கு ஏழு வயசாகிவிட்டது. நேற்றுக் காலை தட்டை வைத்து, "அஞ்சு இட்லி சாப்பிடணும்" என்றேன். அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"சரி, நாலு" என்றேன். அவள் பேசவில்லை. "மூணு? சட்னி வேணாம்னா வெச்சுரு." அப்போதும் பேசவில்லை. இரண்டுக்கு வந்ததும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பழைய வியாதி தலைதூக்கியது. ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எழுதிக் குடுத்துரும்மா" என்றாள் மித்ரா.