மாப்பிள்ளை போட்ட அருவி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் பட்டறையிலிருந்து எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாமல் கிடப்பது என் போன் ஒன்றுதான். பதினொரு நாளாக அது வாய் திறக்கவில்லை. இதைப் போனில் சொல்லலாம், ஆனால் மகள் எடுப்பாள். நேரில் சொன்னால், மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தினேன் என்று உங்கள் மாமியார் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். அதனால்தான் கடிதம்.

எனக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தீர்கள். அந்தப் பெருமையில் பட்டறைப் பலகையிலிருந்த போன் எண்ணை அழித்துவிட்டுத் தளத்தின் முகவரியை எழுதிவைத்தேன். தளத்தின் அழகுக்கு ஒரு குறையும் இல்லை. திறந்ததும் அருவி கொட்டுகிறது, சத்தத்தோடு. பிளம்பரைத் தேடுகிறவர் வீட்டில் ஏற்கெனவே அருவி கொட்டிக்கொண்டிருக்கும் என்பதை யாராவது யோசித்திருக்கலாம். இருபது வருடமாக என்னையே கூப்பிடும் பல் டாக்டர், பழைய போனைத் தொலைத்துவிட்டதால், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இதைத் திறந்தாராம். சத்தத்தைக் கேட்டு அவர் மனைவி, சமையலறையிலும் குழாய் வெடித்துவிட்டது என்று ஓடினாராம். அருவி முடிந்தால் என் புகைப்படம், ஸ்பேனரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. பிறகு 'எங்கள் கனவு' என்று ஒரு பக்கம். குழாய் ஒழுகக்கூடாது என்பதைத் தவிர எனக்கு என்ன கனவு? அதற்குள் மாதாமாதம் குழாய்ச் செய்திகள் வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து வழியை மறிக்கிறது. அதை மூடுகிற குறி எறும்புத் தலை அளவு. என் எண்ணோ அடியிலும் அடியில், சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறம். கண்டுபிடித்து அழுத்தினாலும் அழைப்பு போகாது, அது வெறும் படமாம். டாக்டர் அடுத்த தெரு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆள் கைவைத்த இடமெல்லாம் கசிவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒழுகல்.

டாக்டர் வீட்டு மேல்மாடி டீச்சரம்மா தளத்திலுள்ள படிவத்தை நிரப்பிப் பார்த்தார். பன்னிரண்டு கட்டம். கசிவு லேசா, நடுத்தரமா, கடுமையா என்று கேட்டுவிட்டு, கடைசியில் நீங்கள் மனிதர்தானா என்றும் கேட்டு, சிக்னல் விளக்குள்ள படங்களைத் தொடச் சொல்கிறது. மூன்று தடவை தோற்றாராம். தெருவில் என்னை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். "நான் மனுஷிதான்னு உங்ககிட்ட நிரூபிக்கறதுக்குள்ள என் மெத்தை நனைஞ்சுபோச்சு. முப்பது வருஷம் பாடம் நடத்தினவ நான். எனக்கே பரீட்சையா?" நேற்று ஒழுகலே பட்டறைக்கு வந்து, "அண்ணே, சும்மாதானே இருக்கீங்க, என்கூட வந்து ஸ்பேனர் எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறவருக்கு இரண்டே விஷயம் போதும். மெயின் வால்வை மூடுங்கள். இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். என் மகள் ஏழு வயதிலேயே போனை எடுத்து, "மொதல்ல வால்வை மூடுங்க, அப்பா வந்துட்டே இருக்காரு" என்பாள். அந்த வயதில் அவளுக்குத் தெரிந்தது, இவ்வளவு படித்த உங்களுக்குத் தெரியாமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல். தயவுசெய்து தளத்தை எடுத்துவிடுங்கள். இனி என் தொழிலில் கைவைக்க வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். வீட்டு மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறது என்றீர்களே, அதற்குப் படிவம் நிரப்ப வேண்டாம். வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் வாங்கிப் படித்துவிட்டாள். தளத்தைச் செய்தது நீங்கள் இல்லையாம், மகளாம். அவள் செய்ததென்றால் நான் திறந்துகூடப் பார்க்கமாட்டேன் என்று உங்கள் பெயரில் கொடுத்தனுப்பினாளாம். நீங்கள் முதன்முதலில் காட்டியதையும் உங்கள் மாமியார் தன் போனில் எடுத்துக் காட்டினாள். வெள்ளைப் பக்கம், இரண்டே வரி. முதல் வரி, மெயின் வால்வை மூடுங்கள். இரண்டாவது, என் எண். "வெளக்குக் கம்பத்துல ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கு மாப்பிள்ளை. நாலு பேரு மதிக்கற மாதிரி தண்ணி கொட்டட்டும். படம், பெட்டி, படிவம் எல்லாம் வரட்டும்" என்று அன்றைக்குச் சொன்னது நான்தான், வசதியாக மறந்துவிட்டேன். மாமனாரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். மேலே எழுதியதெல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்டது. அந்த இரண்டு வரியையே மகளிடம் திரும்பப் போடச் சொல்லுங்கள். நாளை காலை மோட்டாரைப் பார்க்க வருகிறேன். அவளிடம் சொல்லிவையுங்கள், அப்பா வந்துகொண்டே இருக்கிறார் என்று.