ஐந்து பூவும் ஒரு கப்பல் சீட்டும்

ஜொகூர் பாருவில் மளிகைக் கடை வைத்திருந்த அமானுல்லா, நாற்பத்திரண்டாம் வயதில் ஒரு பெரிய முடிவெடுத்தார். கப்பலேறித் தொண்டிக்குப் போவது. தாயாருடன் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவது. முக்கியமாக, தனியாகப் போவது.

தனியாக என்பதற்குக் காரணம் உண்டு. உலகத்தில் மாமியாரும் மருமகளும் சண்டை போடுவார்கள். நடுவில் இருக்கிற ஆண்பிள்ளை அந்தப் புகையில் தப்பித்துக்கொள்வான். அமானுல்லாவின் குடும்பத்தில் அந்த நல்ல வழக்கம் இல்லை. போன தடவை மனைவி மஹ்மூதாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது, முதல் நாள் மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டாம் நாள் ஒரே தட்டில் வெற்றிலை போட்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைக் கூரை மேல் ஏற்றி ஓடு மாற்றச் சொன்னார்கள். நாலு மாதமும் அவர் இறங்கவே இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்தத் தடவை அவர் வெறும் மகனாக இருக்க விரும்பினார். பொழுது ஏறும்வரை தூங்க வேண்டும். தாயார் காய்ச்சிய மீன் ஆணத்தை, யாரும் எதையும் வாங்கிவரச் சொல்லாத வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இடைஞ்சல் மஹ்மூதாவின் கண்தான். அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற விதத்திலேயே அன்றைக்குக் கடையில் யாரோடு வாய்த்தகராறு என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும்.

வேலை பக்கத்து வீட்டிலேயே இருந்தது. பேராக்கிலிருந்து வந்து குடியிருந்த, எல்லோரும் மாச்சி என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மாள் ஒருத்தி, வெல்வெட்டில் தங்கநூல் பூ தைப்பாள். அட்டையைப் பூவாக வெட்டித் துணியில் ஒட்டி, அதன் மேல் தங்கநூலை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நெருக்கிப் போட்டு, விளிம்பில் சாதா நூலால் பிடித்துத் தைக்க வேண்டும். தைத்து முடிந்தால் அட்டை கண்ணுக்குத் தெரியாது. பூ மட்டும் மேடாக எழும்பி நிற்கும். ஒரு பூவுக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்த மாச்சி, பக்கத்து அடுப்பில் சோறு தீய்ந்தாலும் தலை நிமிர மாட்டாள். அமானுல்லாவுக்கு அது மிகவும் பிடித்தது.

மறுநாளே கருநீல வெல்வெட்டும் தங்கநூல் கண்டும் வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டாள். ஒரு வாரத்தில் பழகியும் விட்டாள். பகல் வேளையில் சிநேகிதி மீரா பீவியும் வந்து சேர்ந்துகொள்ள, இரண்டு பேரும் தலையணை உறை ஒன்றை மடியில் விரித்துக் குனிந்திருப்பார்கள். அமானுல்லா நிம்மதியாகப் போய்க் கப்பல் சீட்டு எழுதி வாங்கிவந்தார். எழுதிக் கொடுத்தவர் மீரா பீவியின் கணவர் ஜஹாங்கீர். கப்பல் சீட்டு ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அமானுல்லா அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

தாம் செடெனாக்கில் புதுக் கடைக்கு இடம் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்வது. கப்பல் பினாங்கில் நிற்கும்போது அங்கிருந்து கடிதம் போடுவது. திட்டத்தில் ஓட்டை இல்லை.

ஓட்டை வேறு இடத்தில் விழுந்தது. மனைவிக்கு அனுசரணையாக இருக்கட்டும் என்று, அட்டை வெட்டிக் கொடுக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். மாதிரிக்கு முதலில் தாளை நாலாக மடித்து, ஓரத்தில் கத்தரித்து, பிரிக்க வேண்டும். பிரிக்கிற அந்த நொடியில் அவருக்கு ஏதோ ஆயிற்று. மல்லிகை என்று நினைத்து வெட்டியது நட்சத்திர மீனாக விரிந்தது. மாங்காய் என்று வெட்டியது இரண்டு கிளிகளாக முகம் பார்த்து நின்றது. மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று வெட்டுகிறவனுக்கே தெரியாத வேலை உலகத்தில் வேறு எது? இன்னொரு மடிப்பு மடித்தால் எட்டு இதழ் வருமா, பதினாறா? நடுவில் ஒரு பிறையைக் கிள்ளினால்?

கடையிலும் கத்தரிக்கோல் ஓயவில்லை. காப்பித்தூள் வாங்கிப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். பொட்டலத் தாளில் அழகான பூ வேலை, தூளெல்லாம் தெருவில்.

வீட்டில் ரொட்டிப் பெட்டி அட்டைகளைச் சேர்த்து, வெட்டுப் பலகைக்கடியில் அடுக்கி வைத்திருந்தார். கப்பல் சீட்டும் தடித்த ரோஸ் அட்டைதான். அட்டையை ஒளிக்க அட்டைகளின் நடுவை விட நல்ல இடம் ஏது என்று அங்கேயே செருகினார். கப்பல் சனிக்கிழமை.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தபோது பலகை மட்டும் இருந்தது.

"இங்கே இருந்த அட்டையெல்லாம் எங்கே?"

"தச்சாச்சு மச்சான்" என்றாள் மஹ்மூதா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? நானும் மீரா பீவி லாத்தாவும் நாங்களே வெட்டிக்கிட்டோம். மிச்சத் துண்டெல்லாம் அடுப்புல போட்டாச்சு. பாருங்க, அஞ்சு பூ."

பார்த்தார். கருநீலத்தில் ஐந்து தங்கப் பூக்கள். அவற்றில் எதற்குள் தொண்டி இருக்கிறது என்று தெரியவில்லை.

சாப்பாட்டை விட்டு ஜஹாங்கீரிடம் ஓடினார். வேறு சீட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பழைய சீட்டில் ஒரு இதழ் அளவாவது கொண்டுவந்து காட்டினால் எழுதலாம் என்றார் ஜஹாங்கீர். சொல்லும்போது அவர் எதற்காகவோ விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமானுல்லா திரும்பி வந்து ஆராய்ச்சியில் இறங்கினார். பூக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொட்டி அட்டை என்றால் வெண்ணெய் வாசம் வரும், சீட்டு என்றால் மை வாசம் வரும் என்று தோன்றி, உறையில் மூக்கை வைத்து இழுத்தார்.

"என்னா மச்சான், தச்ச பூவை மோந்து பாக்குறீங்க?"

இரண்டாவது பூவின் இதழ் கோணலாக இருக்கிறது, உள்ளே வெட்டு சரியில்லை, பிரித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றார் அவர். தொழில் தெரிந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்றும் சேர்த்துக்கொண்டார்.

மஹ்மூதா கோபப்படவில்லை. பிளேடை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்: பிரித்தவர்தான் திரும்பத் தைக்க வேண்டும், தைத்து முடித்த பிறகே அடுத்த பூவைத் தொடலாம்.

பிரித்தார். ரொட்டி அட்டை. தைக்க உட்கார்ந்தார். விரலில் ஏழு குத்து. நூல் மூன்று தடவை சிக்கியது. பூ, மழையில் நனைந்த கோழி மாதிரி வந்தது.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு இரண்டு பூக்களை முடித்தார். மூன்றாவதைத் தைக்கும்போது ஒன்று கவனித்தார்: நூலைச் சற்றுச் சாய்த்துப் போட்டால் வெளிச்சம் ஓடுகிறது. எதிர்ப்பக்கம் சாய்த்தால்? அதையும் செய்து பார்த்தார். மஹ்மூதாவும் மீரா பீவியும் எதிரே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். மீரா பீவி எதற்கோ அடிக்கடி முக்காட்டை வாயில் வைத்துக் கடித்தாள். அமானுல்லா அதைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அவருக்குச் சீட்டு ஞாபகமே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் நாலாவது, பின் ஐந்தாவது. கடைசிப் பூவின் நூலை அறுத்து, அட்டையை உரித்து எடுத்தார். அதில் பாதி ரொட்டியின் படம் இருந்தது.

அவர் பிளேடைக் கீழே போட்டார். "மஹ்மூதா, ஒரு விஷயம்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். செடெனாக்கை, பினாங்கை, கூரை ஓடுகளை, மீன் ஆணத்தை. இனி ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவள் தங்கநூலைக் கண்டில் சுற்றியபடி கேட்டாள். கேட்டு முடித்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ரோஸ் அட்டையை எடுத்து அவர் முன் வைத்தாள். முழு அட்டை. ஒரு முனைகூட மடங்கவில்லை.

"அலமாக்" என்று மலாய்க்காரர் போல அலறினார் அமானுல்லா. "இது எப்படி உன்கிட்ட?"

"ஜஹாங்கீர் காக்கா வாக்குத் தவறாதவுக. வெளியில ஒரு ஆளுகிட்டயும் சொல்லல. பொண்டாட்டிகிட்ட மட்டுந்தான் சொன்னாக. லாத்தா தைக்க வந்த இடத்துல என்கிட்ட சொன்னாக. நாலு மணி நேரம் ஒண்ணா உக்காந்து தைக்கிறவங்க வேற என்னா பேசுவாங்க?"

"மூணு நாளா என்னைத் தைக்க விட்டியே."

"நல்லா வந்துச்சு மச்சான். கடைசியா தச்ச ரெண்டும் என்னோடதை விட நல்லா இருக்கு. மாமி பாத்தா சந்தோஷப்படுவாக."

அமானுல்லாவுக்கு உயிர் வந்தது. கோபமில்லை, சீட்டும் கிடைத்துவிட்டது, தலையணை உறை தாயாருக்காம். இப்படிப்பட்ட மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்து, நாளைக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று பார்க்கச் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். பெயர் எழுதும் இடத்தில் அவர் பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே ஜஹாங்கீரின் அழகான கையெழுத்தில் 'மஹ்மூதா பீவி' என்று இருந்தது.

"மீரா பீவி லாத்தாவும் அவுகளைப் பெத்த வாப்பாவும் நாளைக்கு ஊருக்குப் போறாக. நல்ல துணை. மாமி தனியா இருக்காகன்னு நீங்களும் கவலைப்படுறீங்க" என்று சொல்லி, அவர் கையிலிருந்த சீட்டை மெதுவாக வாங்கிக்கொண்டாள் மஹ்மூதா. "ஆறு மாசத்துக்கு உங்களுக்குப் பொழுது போகணுமே, ரெண்டு கெஜம் வெல்வெட்டு வாங்கி வச்சிருக்கேன்."